அம்மா பாடமாக்கிய வசனங்கள்

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் இரண்டு கதைதான். ஒன்று முழங்கால் வலி, மற்றது பிள்ளைகளின் படிப்பு. முழங்காலைப் பற்றி எவ்வளவு நேரமென்றாலும் கதைப்பேன். படிப்பு என்று தொடங்கினால் தேநீர் போடுகிறேன் என்று எழுந்துவிடுவேன். போன கிழமை உங்களில் ஒருத்தி நேராகவே கேட்டாள்: "நீ அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனனியெல்லோ, பிறகு என்ன நடந்தது?" தேநீர் ஏற்கனவே மேசையில் இருந்தது. எழும்ப வழியில்லாமல் சிரித்துச் சமாளித்தேன். இங்கே எழுதிவிடுகிறேன். வாசித்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்காதீர்கள்.

பிராங்பேர்ட்டுக்கு அடுத்த ஊரில் இருந்தது அந்தக் கிம்னாசியம். எஸ்-பான் ரயிலை விட்டு இறங்கி, ஆற்றங்கரையோடு நடந்து, செங்கல் மதிலைச் சுற்றிப் போகவேண்டும். எத்தனையோ தலைமுறைக் கால்கள் ஏறி இறங்கிக் கற்படிகள் நடுவில் குழி விழுந்திருந்தன. உள்ளே போனதும் நிலத்துக்குப் பூசும் மெழுகின் மணம் மூக்கில் ஏறும். மழைநாளில் அதனோடு ஈரக் கம்பளிக் கோட்டுகளின் மணமும் சேர்ந்துகொள்ளும். நீண்ட நடைவழியில் சுண்ணாம்பில் செய்த உரோமாபுரித் தலைகள் வரிசையாக நின்றன. பாதிப்பேருக்கு மூக்கில்லை. உடைந்த சிலையை வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். இவர்கள் அதற்குத் தூசி தட்டி, கீழே பெயரும் எழுதி வைத்திருந்தார்கள்.

நாலாம் வகுப்பு முடிவில் இங்கே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பத்து வயதிலேயே யார் எந்தத் தண்டவாளத்தில் ஓடுவது என்று முடிவாகிவிடும். மேலே போகிறவர்களுக்குக் கிம்னாசியம், பிறகு பல்கலைக்கழகம். மற்றவர்களுக்கு வேறு பள்ளிக்கூடங்கள். ஊரிலிருந்து வந்து கொஞ்சக் காலமே ஆகியிருந்த என்னை ஆரம்பப் பள்ளி ஆசிரியை கிம்னாசியத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதுவும் சும்மா கிம்னாசியம் இல்லை. ஐந்தாம் வகுப்பிலேயே ஆங்கிலத்துக்கு முன்னால் லத்தீன் படிப்பிக்கிற பழைய பள்ளிக்கூடம். முதல் வருடம் ஒரு பரீட்சார்த்த வருடம். சரிவராது என்று கண்டால் முடிவில் கீழே அனுப்பலாம். அந்த ஒரு வருடத்தின் கதைதான் இது.

அப்பா ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் கோப்பை கழுவினார். பிற்பகல் வேலைக்குப் போகுமுன் என்னைக் குசினி மேசையில் இருத்தி, லத்தீன் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பாடம் கேட்பார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் எழுத்தைப் பார்த்து நான் சொல்வது சரியா பிழையா என்று பிடித்துவிடுவார். ஒரு பெயரின் வால் ஒவ்வொரு வேற்றுமைக்கும் மாறிக்கொண்டு போவதைக் கண்டு அவருக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. "உது எங்கட ஐ, ஆல், கு, இன் மாதிரியெல்லோ!" என்று விரலால் மேசையில் தட்டுவார். விரல்களில் எலுமிச்சம்பழச் சவர்க்கார மணம் அடிக்கும். எனக்கு அந்தப் பாஷை பிடித்துப்போயிற்று. யாரும் இப்போது வீட்டில் பேசாத பாஷை. வகுப்பில் எல்லோருக்கும் அது ஒரேயளவு அந்நியம். வேறெந்தப் பாடத்திலும் நான் அவர்களோடு ஒரே கோட்டில் நிற்கவில்லை. லத்தீனில் மட்டும் நின்றேன்.

லத்தீன் வாத்தியார்தான் எங்கள் வகுப்பாசிரியர். நெட்டை மனிதர். முழங்கையில் தோல் ஒட்டிய கோட்டு, அதில் எப்போதும் சோக்கட்டித் தூள். அவர் உள்ளே வந்ததும் எழுந்து நின்று லத்தீனில் வணக்கம் சொல்லவேண்டும். மற்றப் பிள்ளைகள் அதைப் பகிடியாகச் செய்தார்கள். எனக்கு அந்தக் கணம் யாழ்ப்பாணத்து வகுப்பில் நிற்பதுபோல இருக்கும். நல்ல மனிதர் அவர். இதை நான் இப்போதே சொல்லிவைக்கிறேன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்வது எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

பக்கத்து இருக்கையில் பல் வைத்தியர் ஒருவரின் மகள் இருந்தாள். நல்ல பேனைகளும் மணக்கிற அழிறப்பர்களும் வைத்திருந்தாள். மை எழுத்தை மறையச் செய்கிற ஒரு பேனை அவளிடம் இருந்தது. அதை எனக்கு இரவல் தருவாள். பதிலுக்கு நான் விடை சொல்லவேண்டும். வாத்தியார் கேள்வி கேட்டதும் அவள் முழங்கையால் இடிப்பாள். நான் மெல்லச் சொல்வேன். அவள் கையை உயர்த்தி உரக்கச் சொல்வாள். வாத்தியார் மகிழ்ந்துபோவார். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. விடை சரி என்பதுதானே முக்கியம்? அதை யார் வாயால் சொன்னால் என்ன?

யார் வாயால் என்பதுதான் முக்கியம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இங்கே எழுத்துப் பரீட்சைக்குப் புள்ளி ஒரு பக்கம், வகுப்பில் வாய்திறந்து பேசுவதற்குப் புள்ளி இன்னொரு பக்கம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எடை. எங்கள் வீட்டிலோ பெரியவர் கேட்டால் சொல்லு, கேட்காவிட்டால் சும்மா இரு. கையை உயர்த்தி "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்" என்று துள்ளுவது வாய்க்காரியின் வேலை. வாத்தியார் என்னைப் பார்த்தால் நான் மேசையைப் பார்ப்பேன். அவர் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டு நிற்க நான் என்ன அவரோடு வழக்காடப் போனேனா? அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மெல்ல அடுத்த பிள்ளைக்குப் போவார்.

தை மாதக் கடைசியில் அரைவருடப் புள்ளி அட்டை வந்தது. இங்கே ஒன்று என்றால் திறம், ஆறு என்றால் படுமோசம். எழுத்தில் இரண்டு. வாயில் ஐந்து. சேர்த்துப் பார்த்தால் விளிம்பில் நின்றேன். கீழே வாத்தியார் தன் கையால் எழுதியிருந்தார்: மிகவும் அமைதியான பிள்ளை. அப்பா அகராதியை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார். பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"இஞ்சை வாரும். வாத்தியார் என்ன எழுதியிருக்கிறார் பாரும். அமைதியான பிள்ளையாம்!"

"உண்மையாவோ?"

"மிகவும் எண்டும் போட்டிருக்கு."

அன்றைக்கு அம்மா கேசரி கிண்டினார். ஏலக்காயும் நெய்யும் மணக்க, நாங்கள் மூவரும் அந்த எச்சரிக்கையைக் கொண்டாடினோம். ஐந்து என்ற இலக்கத்தைப் பற்றி அப்பா கேட்கத்தான் செய்தார். கதைக்காததற்குத் தந்தது என்றேன். "அதுக்குமோ புள்ளி?" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்கு நன்றாக விளங்கும். வேறு யாருக்கும் விளங்காது. சனிக்கிழமைகளில் பிராங்பேர்ட் பெரிய நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்க்கடைக்குப் போவோமே, ஞாபகமிருக்கிறதா? கருவாடும் ஊதுபத்தியும் சேர்ந்து மணக்கும். வாசலில் தகப்பன்மார் நின்று கதைப்பார்கள். நாங்கள் அரிசிமூட்டைக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்போம்.

"மகள் எப்பிடி, படிக்கிறாளோ?"

"எங்கை அண்ணை. புத்தகத்தைக் கண்டால் கொட்டாவி விடுறாள். நாள் முழுக்க ரீவியோடை."

"உது பரவாயில்லை. என்ர பெடியனைப் பாருங்கோ. மொக்கெண்டால் அப்பிடி மொக்கு. ஒண்டும் ஏறாது."

எங்கள் வீட்டில் அப்போது ரீவியே இல்லை. அந்தப் பெடியன் கணக்கில் வகுப்பில் முதலாவது என்பது கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். தன் பிள்ளையைத் தானே புகழ்கிறவன் வெட்கங்கெட்டவன். போதாததற்குக் கண்ணூறு வேறு. ஆகவே பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனோ அவ்வளவுக்குத் திட்டவேண்டும். உண்மையிலேயே படிக்காத பிள்ளையின் தகப்பன் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்கமாட்டார், மீன் ரின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்பா என்னை மொக்கு என்று சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் குளிரும். எவ்வளவு அதிகம் திட்டினாரோ அவ்வளவு நான் கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியும். வாத்தியாரிடம் போகும்போது இது இன்னும் கூட. பிள்ளையைக் குறை சொல்லி, உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டோம் என்று சொல்வதுதான் மரியாதை.

மாசி மாதத்தில் பெற்றோர் சந்திப்பு நாளுக்கு நேரம் குறித்து டெர்மின் வந்தது. வழக்கமாக இப்படியான இடங்களுக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. இந்தமுறை அம்மா வேண்டாம் என்றுவிட்டார். காலையில் அலுவலகங்கள் துப்புரவாக்குகிற வேலையில் ஒரு துருக்கிக்கார அக்காவோடு அம்மா சேர்ந்து வேலை செய்தார். அவரிடம் கேட்டு ஜெர்மனில் சில வசனங்கள் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். அந்த அக்காவுக்கும் அதில் ஒரு புதினமும் தெரியவில்லை. அவருடைய ஊரிலும் வாத்தியாரிடம் அப்படித்தான் சொல்வார்களாம். அம்மா கறி தாளிக்கும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் அவற்றைப் பாடமாக்கினார். கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு மேலே அம்மாவின் ஜெர்மன் எனக்குக் கேட்கும்.

"நீ வாயே திறக்கக்கூடாது, விளங்கிச்சோ? நானே கதைப்பன். என்ர பிள்ளையின்ர வாத்தியாரோடை நான் கதைக்காமல் ஆர் கதைக்கிறது?"

அன்றைக்கு அம்மா நீலச் சேலையும் அதற்கு மேல் தடித்த குளிர்க்கோட்டும் போட்டிருந்தார். அப்பா கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். பிள்ளைகளுக்கான சின்னக் கதிரைகளில் இருவரும் நுனியில் இருந்தார்கள். வாத்தியார் எழுந்து கை கொடுத்தார். என் எழுத்து வேலை நல்லது என்று தொடங்கினார். ஆனால், என்று நிறுத்தினார். பிள்ளை வகுப்பில் பேசுவதில்லை, விளங்குகிறதா இல்லையா என்று தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். அவர் எங்களிடம் உதவி கேட்டார். அதை இப்போது அறிவேன். "சேர், இவள் பின்னேரம் முழுக்க உங்கட பாடத்தோடைதான்" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும்.

அம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"என் மகள் சோம்பேறி. வீட்டில் அவள் படிப்பதில்லை. தயவுசெய்து நீங்கள் கண்டிப்பாக இருங்கள்."

ஒரு பிழை இல்லை. எழுத்துக்கு எழுத்து சுத்தமான ஜெர்மன். எனக்குப் பெருமை தாங்கமுடியவில்லை. அப்படித் திருத்தமாக அம்மா அந்த மொழியில் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன். சோம்பேறி என்று அகப்பட்ட பிள்ளை சிரிக்கிறாளே என்று அவர் நினைத்திருப்பார்.

அப்பாவுக்குச் சும்மா இருக்க மனமில்லை. அவரிடம் ஜெர்மன் குறைவு, கச்சேரி ஆங்கிலம் நிறைய. ஊரில் பிள்ளையை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விடும்போது சொல்கிறதை அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "நீங்கள் அடிக்கலாம், சேர். கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்."

வாத்தியார் பேனையை மூடி வைத்தார். வெளியே நடைவழியில் யாரோ ஒரு தாய் உரத்துச் சிரிப்பது கேட்டது. பிறகு மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, இங்கே யாரும் பிள்ளையை அடிப்பதில்லை என்றார். அவர் தன்னடக்கத்துக்குச் சொல்கிறார் என்று அப்பா நினைத்துக்கொண்டார். "நோ நோ, சேர், யூ கேன்" என்று சிரித்தார். அப்பா ஒரு நாளும் எனக்கு அடித்தது கிடையாது. ஒரு குட்டுக்கூட இல்லை.

திரும்பி வரும்போது எஸ்-பானில் இருவருக்கும் நல்ல சந்தோசம். "என்ன மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தவர் பாத்தியளோ? ஒரு சொல்லும் திருப்பிக் கேக்கேல்லை," என்றார் அம்மா. "நல்ல குடும்பத்து ஆள்," என்றார் அப்பா.

மறுநாள் பாடம் முடிந்ததும் வாத்தியார் என்னை நிற்கச் சொன்னார். எல்லோரும் போனபின் கதிரையைத் திருப்பிப்போட்டு என் உயரத்துக்கு இருந்துகொண்டு, வீட்டில் உனக்குப் பயமாக இருக்கிறதா, யாராவது அடிக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். ஆனால் என் கண் வழக்கம்போல நிலத்தில். குரலும் வழக்கம்போல மெல்லியது. அவர் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார். அவருடைய கண் கலங்கியிருந்தது. என் மேல் அவ்வளவு இரக்கம் வைத்த ஜெர்மன்காரர் அதற்கு முன்னும் பின்னும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் வகுப்பில் என்னைப் பார்த்துக் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார். வீட்டு வேலையில் பாதி செய்தால் போதும் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பாதி செய்வது எப்படி என்று எனக்குத் தெரியாது. முழுவதையும் செய்து, அடுத்த பாடத்தையும் செய்து, அடியில் கோடு போட்டுக் கொடுத்தேன். அதைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் இன்னும் வாடியது. வீட்டில் பிள்ளையைப் போட்டு வதைக்கிறார்கள் என்று அவர் நினைத்தார் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. நான் எவ்வளவு படித்தேனோ அவ்வளவும் எனக்கு எதிராகப் போய்ச் சேர்ந்தது. சொல்லுங்கள், ஒரு பத்து வயதுப் பிள்ளை இதிலிருந்து எப்படித் தப்புவது?

வசந்தம் வந்தது. பள்ளி முற்றத்துக் கஷ்கொட்டை மரங்களில் வெள்ளைப் பூ நிமிர்ந்து நின்றது. வாத்தியார் அப்பாவையும் அம்மாவையும் மறுபடி கூப்பிட்டார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று இருவருக்கும் எண்ணம். அம்மா அதே நீலச் சேலை. என்னை நடைவழியில் இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அந்தச் சுண்ணாம்புத் தலைகளுக்கு எதிரே, கோட்டுக் கொளுக்கிகளுக்குக் கீழே, நீண்ட வாங்கில் இருந்தேன். வாத்தியாரின் குரல் தணிந்து தணிந்து கேட்டது. இடையிடையே அப்பாவின் "யா, யா". ஒருமுறை வாத்தியார் ஏதோ கேட்டு நிறுத்தினார். அப்பா கொஞ்சம் உரக்கவே "யா" என்றார்.

வெளியே வந்தபோது அப்பாவின் முகம் குழம்பியிருந்தது, ஆனால் வாடவில்லை.

"என்னப்பா சொன்னவர்?"

"உனக்கு இஞ்சை சுமை கூடிப்போச்சாம், பிள்ளை. றேயால்ஷூலயிலை விட்டால் உனக்குச் சுகமாயிருக்குமாம். சம்மதமோ எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"வாத்தியார் சொன்னால் பிறகென்ன. ஓம் எண்டிட்டன்."

றேயால்ஷூல என்றால் பத்தாம் வகுப்போடு முடிகிற பள்ளிக்கூடம். அங்கிருந்து தொழில் பழகப் போவார்கள். வகுப்பில் பிள்ளைகள் அந்தப் பெயரை எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. அவருக்கு அது இன்னொரு பள்ளிக்கூடம், அவ்வளவுதான். நான் அழத் தொடங்கினேன். அந்தக் கட்டடத்துக்குள் நான் எழுப்பிய முதல் பெரிய சத்தம் அது.

"அப்பா, உள்ளை போய் ஏலாது எண்டு சொல்லுங்கோ. இப்பவே போய்ச் சொல்லுங்கோ. அவர் இன்னும் உள்ளைதான் இருக்கிறார்."

"வாத்தியாரிட்டை எப்பிடியம்மா ஏலாது எண்டு சொல்லுறது?"

"நான் படிக்கிறன் எண்டு சொல்லுங்கோ. நீங்கள்தானே பாடம் கேக்கிறனீங்கள். அதைச் சொல்லுங்கோ!"

அப்பா கதவைப் பார்த்தார். ஒரு அடி எடுத்தும் வைத்தார். அப்பாவின் கை கதவுப்பிடிக்கு அருகே போய் நின்றது. அம்மா அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். வாயைக் குடுத்து வாத்தியாரின்ர மனதை முறிச்சுப் போடாதையுங்கோ. அவருக்குத் தெரியாதோ பிள்ளைக்கு எது நல்லதெண்டு?" பிறகு என் பக்கம் குனிந்து, "கண்ணைத் துடை. ஆரும் பாக்கப்போகினம்," என்றார்.

பல் வைத்தியரின் மகளுக்கும் அதே கிழமை அதே கதைதான் சொல்லப்பட்டது. அவளுடைய எழுத்துப் புள்ளிகள் என்னுடையதைவிட மோசம். அவளுடைய தாய் வந்து வகுப்பறைக் கதவைக்கூடச் சாத்தாமல் சண்டை பிடித்தார். என் மகள் புத்திசாலி, உங்களுக்குப் படிப்பிக்கத் தெரியவில்லை என்று அவர் சொன்னது முற்றத்துக்கே கேட்டது. எங்களுக்கெல்லாம் வாத்தியாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் கிம்னாசியத்தில் தங்கிவிட்டாள். பெற்றோர் மறுத்தால் இன்னுமொரு வருடம் விட்டுப் பார்ப்பார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. எங்களைத் தவிர எல்லோருக்கும்.

ஆனி முடிவில் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தோம். அவை பள்ளிக்கூடத்துப் புத்தகங்கள். லத்தீன் புத்தகத்தின் முதுகை அப்பா கோதுமைப் பசையும் பழுப்புக் கடுதாசியும் வைத்து ஒட்டியிருந்தார். சேகரித்த பிள்ளை அதைப் பார்த்துவிட்டு மற்றவற்றின் மேல் போட்டான். வீட்டில் இன்னொரு பிரதி வாங்கிவைக்க எனக்குத் தோன்றவில்லை. பின்னால் பழைய புத்தகச் சந்தைகளில் தேடிப் பார்த்தேன். அந்தப் பச்சை அட்டைப் பதிப்பு எங்கேயும் கிடைக்கவில்லை.

கடைசி நாள் அம்மா ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தார். வெள்ளைத் துணி போட்டு மூடி, இரண்டு கையாலும் ஏந்தி வாத்தியாரிடம் கொடுத்தார். எண்ணெயும் மிளகும் மணந்தது. என் மகளுக்கு நீங்கள் செய்ததற்கு நன்றி என்றார். அதையும் பாடமாக்கி வந்திருந்தார். வாத்தியார் அம்மாவின் கையை நெடுநேரம் விடவில்லை. உங்களைப் போலப் புரிந்துகொள்கிற பெற்றோர் அபூர்வம் என்று சொன்னார். அதை நான்தான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். வீட்டுக்கு வந்து அம்மா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். றேயால்ஷூலயில் லத்தீன் கிடையாது. படிப்பு இலேசாக இருந்தது, அவர் சொன்னபடியே. முதல் வருடம் எல்லாவற்றிலும் ஒன்று எடுத்தேன். பிறகு எதற்கு என்று தோன்றிவிட்டது. பத்தாம் வகுப்பு முடிய ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி, அதிலிருந்து முதியோர் இல்லத்து வேலை. அந்த வேலையில் ஒரு குறையுமில்லை. நான் நன்றாகவே செய்கிறேன். ஆனால் விரும்பிப் போனேன் என்று நான் சொன்னால் அது பொய். உடம்பு துடைக்கிற நேரங்களில் சிலவேளை அந்த வேற்றுமைகள் வாயில் வரும். ஆரம்பித்தால் பாதியில் மறந்துபோகும். யாரிடம் போய்க் கோபப்படுவது என்று வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். வாத்தியார் என்னைக் காப்பாற்றினார். அம்மா என்னைக் கண்ணூறிலிருந்து காப்பாற்றினார். அப்பா வாத்தியாரின் மரியாதையைக் காப்பாற்றினார். எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். அவ்வளவு நல்லவர்களிடமிருந்து என்னைக் காப்பாற்ற ஒருவரும் இருக்கவில்லை.

அப்பா போய்விட்டார். கடைசிவரை அந்தக் கதையை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அம்மா என்னோடு இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். மற்றபடி புத்தி தெளிவு.

இந்த இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். யன்னலோரக் கதிரையில் அம்மா, கீழே சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்கு முன்னால் நான். முதல்நாள் மண்டபத்தில் யாருடையதோ பேத்தி வைத்தியராக வந்ததற்கு விருந்து. அம்மா அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். பாதத்தை என் மடியில் வைத்தபடியே சொன்னார்:

"நீயும் கெட்டிக்காரப் பிள்ளைதானே, பிள்ளை. அதுகளை விடக் கெட்டிக்காரி."

நான் கத்தரிக்கோலை நிறுத்தினேன். ஐம்பது வயதுக்குப் பிறகுதான் அந்தச் சொல்லை அம்மாவின் வாயால் என்னைப் பற்றிக் கேட்கிறேன். நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவின் முகத்தில் குத்தலும் இல்லை, குறையும் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் அடுத்ததைக் கேட்டார்.

"அந்த வாத்தியார் எவ்வளவு நல்ல மனுசன். ஏன் பிள்ளை நீ அங்கை படிக்காமல் விட்டனீ?"

சொல்லியிருக்கலாம். எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அம்மாவுக்கு எண்பது வயது. அவருடைய பாதம் என் கையில் சூடாக இருந்தது.

"தெரியேல்லை, அம்மா," என்றேன்.

அம்மா குனிந்து, என்னை மன்னிக்கிற மாதிரி, தலையைத் தடவினார்.